பெட்டிக்குள் போன பல் தகடு

அந்த ஊரின் ஒவ்வொரு வீட்டிலும் குளிர்காலத்தில் அடுப்பு மூட்டாத அறை ஒன்று உண்டு. மற்ற அறைகளில் ஒலிவ விறகு நாளெல்லாம் கனன்றுகொண்டிருக்க, அந்த ஓர் அறையில் மட்டும் வடக்குச் சாளரம் விரல்கடை அளவு திறந்தே இருக்கும். மென்று சுவைக்க மரத்திலிருந்து வடித்தெடுத்து அங்கே வைத்திருக்கும் மஸ்தகிப் பிசின் சூட்டைப் பொறுக்காது. இளஞ்சூடு பட்டாலும் மணி மணியாகக் கிடப்பவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கட்டியாகிவிடும். அதன்பின் கத்தியால் குத்தினாலும் பிரியாது. ஆகவே பிசின் குளிர்ந்திருக்கும்பொருட்டுப் பெண்கள் குளிரில் உட்கார்ந்தார்கள். இரண்டு கம்பளிச் சட்டை, தலையில் துணி, மடியில் வெள்ளை ஏப்ரன், கையில் கட்டைவிரல் நீளக் கத்தி. தை பிறந்ததிலிருந்து நோன்புக்காலம் வரைக்கும் கியோஸ் தீவின் தென்கரைப் பெண்களுடைய கோலம் இதுதான்.

விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த திருச்சாட்சி இசிடோரைப் பகைவர் இழுத்துச் சென்ற வழியெங்கும் மரங்கள் அழுதன என்றும், அவர் முடிசூடி விண்ணேகிய பிறகும் அந்த அழுகை ஓயவில்லை என்றும் கோயிலில் பாடுவார்கள். அதனால் பிசின்மணியை அவ்வூரார் கண்ணீர் என்றே சொல்வார்கள். கோடையில் மரத்தின் மேனியைக் கீறி, வேரடியில் தூவிய வெண்மண்ணில் சொட்டிக் காய்ந்த கண்ணீரைக் கூட்டியள்ளி, சலித்து, சவர்க்கார நீரில் அலசி, வெள்ளைத் துணியில் ஆறப்போட்டு, கடைசியில் ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துக் கத்திமுனையால் மண்ணும் இலைத்துணுக்கும் போகச் சுரண்ட வேண்டும். ஆண்கள் கீறுவார்கள், சுமப்பார்கள். சுரண்டுவது பெண்களின் வேலை. ஒரு வீட்டின் பெயர் நிற்பதும் விழுவதும் அந்தக் கத்திமுனையில்.

மார்க்கெல்லாவின் வீட்டுப் பெயர் நின்றது. கூட்டுறவுக் கிட்டங்கியில் பிசின் வாங்கும் பாந்தெலிஸ், யார் பெட்டி வந்தாலும் சட்டைக்கையை முழங்கைக்கு மேலே மடித்து, அடிப்பலகை தட்டும்வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பார்ப்பான். மார்க்கெல்லாவின் பெட்டிக்கு மட்டும் சட்டைக்கையை மடிப்பதில்லை. மேலே உள்ளங்கையை ஒருமுறை வைத்து எடுத்துவிட்டு, "அடுத்தது" என்பான். அவள் மருமகளாய் அவ்வூர் வந்த சில ஆண்டுகளுக்குள் தொடங்கிய வழக்கம். அவள் அதைப்பற்றி யாரிடமும் பேசியதில்லை. பேசவேண்டிய தேவையே இல்லாதபடி ஊர் பேசியது.

அவளுக்கு வேறொரு பெருமையும் இருந்தது. அது பதின்மூன்று வயதான மகள் இசிடோராவின் வாயில் இருந்தது.

இசிடோராவுக்கு மேல்வரிசையின் முன்பற்கள் இரண்டும், சரியாகச் சாத்தாத இரட்டைக் கதவைப்போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. பட்டணத்துப் பல் டாக்டர் எவ்தாலியா கம்பி போட்டாள். இரண்டு ஆண்டுக்கு மேல் மாதந்தோறும் தாயும் மகளும் மலைப்பாதைப் பேருந்தில் போய் அதை இறுக்கிக்கொண்டு வந்தார்கள். இறுக்கிய மறுநாள் சோற்றைக்கூடக் குழைத்துத்தான் விழுங்க முடியும். அதையும் பெண் பொறுத்தாள். அதனினும் பெரிது, கம்பி போட்ட வாயில் ஒட்டுகிற எதையும் மெல்லக்கூடாது என்று டாக்டர் சொன்னதைப் பொறுத்தது. பால்குடி மறந்த பிள்ளையின் வாயில் முதலில் விழுவது மஸ்தகியாக இருக்கிற ஊர் அது. கோயிலில் பாதிரியார் மக்கள் பக்கம் திரும்பும்போதுதான் அங்கே வாய்கள் அசைவதை நிறுத்தும். அப்படிப்பட்ட ஊரில், மடி நிறையப் பிசினை வைத்துக்கொண்டு சுரண்டிய பெண், ஒரு மணியைக்கூட நாவில் வைக்கவில்லை.

கிறிஸ்து பிறப்புக்கு முன்பு கம்பியைக் கழற்றியபோது, ஒரே அளவுக் கண்ணீர்களைப் பொறுக்கி வரிசையாக வைத்ததுபோல் இருந்தன பற்கள். மார்க்கெல்லா டாக்டரின் அறையிலேயே சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இப்பதான் பாதி வேலை முடிஞ்சிருக்கு," என்றாள் எவ்தாலியா. நிறமே இல்லாத, கண்ணாடிபோன்ற தகடு ஒன்றை எடுத்துப் பெண்ணின் மேல்வரிசையில் அழுத்தினாள். அது சின்னதாய்ச் சொடுக்கிட்டு ஏறிக்கொண்டது. "இதுக்குப் பேரு ரிட்டெய்னர். பல்லு நகர்ந்து வந்திருக்கு, ஆனா அதுக்கு வந்த எடம் இன்னும் சொந்தமாகல. சுத்தி இருக்கிற எலும்பு இறுகணும். அதுவரைக்கும் சாப்பிடறப்ப, பல்லு விளக்கறப்ப தவிர ராத்திரி பகல் இது வாயிலதான் இருக்கணும். கழட்டினா இந்த நீல டப்பாவுல. வேற எங்கயும் இல்ல. என்ன?"

"சரி டாக்டர்."

"சுடுதண்ணியில கழுவக்கூடாது. சூடு பட்டா கோணிக்கும், அப்புறம் பல்லுல ஏறாது."

"அது எங்களுக்குத் தெரியாதா," என்று சிரித்தாள் மார்க்கெல்லா. "எங்க வீட்டுல எல்லாமே சூட்டுக்குப் பயந்ததுதான்."

தை மாதத்தின் அந்த நாள், வடக்கிலிருந்து பெருங்காற்று எழுந்து மூன்றாம் நாள். கப்பல்கள் துறையைவிட்டு அசையக்கூடாது என்று துறைமுகத்தார் தடை போட்டிருந்தார்கள். குளிரறையில் கடைசிப் பெட்டி நிறைந்துகொண்டிருந்தது. மறுநாள் கிட்டங்கியில் நிறுவை. பக்கத்து வீட்டு அங்கெரூ உதவிக்கு வந்திருந்தாள். நேற்று அங்கெரூ வீட்டில் மார்க்கெல்லா. இன்று மார்க்கெல்லா வீட்டில் அங்கெரூ. முறை அப்படி. அங்கெரூவுக்குக் கை மெதுவென்றாலும் நாக்கு வேகம்.

"என்னடி இசிடோரா, வாய்க்குள்ள கண்ணாடிய வச்சுக்கிட்டு எப்படிப் பேசுற? கெணத்துக்குள்ளேருந்து யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு."

"பழகிடும் அத்தை."

"பழகறதுக்குள்ள கல்யாணம் ஆயிடும். மாப்பிள்ள, பொண்ணு என்ன சொல்றான்னு கேப்பான். நான்தான் பக்கத்துல நின்னு எடுத்துச் சொல்லணும்."

"நீங்க எடுத்துச் சொன்னா அவரு ஓடிடுவாரு."

அங்கெரூ தொடையைத் தட்டிச் சிரித்தாள். "பாத்தியா மார்க்கெல்லா, பல்லு நேரானதும் பேச்சும் நேரா வருது."

மார்க்கெல்லா சிரித்துக்கொண்டே எழுந்தாள். அடுப்பில் மொச்சைக் குழம்பு அடிபிடிக்கும் நேரம். கிளறி இறக்கிவிட்டு, கூடையில் நான்கு மாண்டரின் ஆரஞ்சுப் பழங்களை எடுத்துக்கொண்டு திரும்பியபோது அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மகள் தலைகுனிந்து சுரண்டிக்கொண்டிருந்தாள். இடக்கை விரல்கள் மணியை உருட்ட, வலக்கைக் கத்தி அதன் ஒரு புள்ளியைத் தொட்டு விலகியது; மணி மடியில் விழுந்தது; அது விழுமுன் அடுத்த மணி விரலுக்கு வந்துவிட்டது. தட்டு காலியானதும், பெண்கள் எல்லாரும் செய்வதுபோல, ஏப்ரனின் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, ஒரு மணிகூடத் தரையில் சிந்தாமல் பெட்டியின் வாய்க்கு நேரே தூக்கி, சரேலென்று கவிழ்த்தாள். மழை தகரத்தில் விழுவதுபோல் ஓர் ஓசை. அந்த மணிக்கட்டின் திருப்பத்தைப் பார்த்த தாய்க்கு மனம் நிறைந்து தளும்பியது. இருபது குளிர்காலம் தன் கைக்கு வாய்த்த திருப்பம் மகளின் கையில் பூவாய்ப் பூத்திருப்பதாக எண்ணினாள்.

பெட்டி நிறைந்தது. மாலையில் கணவன் ஸ்டாமாதிஸ் மூடியறைந்து, சிறு லாரியில் ஏற்றிக் கிட்டங்கியில் இறக்கிவிட்டு வந்தான்.

இரவுச் சாப்பாட்டில் மொச்சைக் குழம்பும் கறுப்பு ஒலிவக்காயும் ரொட்டியும். ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும் நீல டப்பா அன்று இல்லாததை மார்க்கெல்லாவின் கண் கவனித்தது.

"தகட்ட எங்க கழட்டி வச்ச?"

இசிடோரா கரண்டியைக் கீழே வைத்தாள். கை தானாக வாய்க்குப் போயிற்று. பிறகு எழுந்து குளிரறைக்குள் ஓடினாள். ஏப்ரனை உதறும் ஓசை கேட்டது. மறுபடி உதறும் ஓசை. வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"நீ குழம்பு கிளறப் போனப்ப அங்கெரூ அத்தை ஒரு கண்ணீர் குடுத்தாங்க. பெரிசு, கண்ணாடி மாதிரி. இப்பதான் கம்பி இல்லையே, ஒண்ணு மென்னா என்ன ஆயிடும்னாங்க." அவள் குரல் இறங்கியது. "மெல்லணும்னா தகட்டக் கழட்டணும். டப்பா மேசை மேல இருந்துச்சு. எந்திரிச்சா மடியில இருக்கிறதெல்லாம் சிந்தும். அதான்... மடியிலயே வச்சேன்."

"மடியிலயா?"

"சுரண்டி முடிச்சதும் எடுத்துக்கலாம்னு. அப்புறம் கை பாட்டுக்கு..."

மேற்கொண்டு சொல்லவேண்டியிருக்கவில்லை. ஏப்ரனின் இரு முனைகள், அந்த மணிக்கட்டின் திருப்பம், தகரத்தில் விழுந்த மழை. தகடு பெட்டிக்குள் போனதைத் தன் இரு கண்ணாலும் பார்த்து மகிழ்ந்தவள் தானேதான் என்று மார்க்கெல்லாவுக்கு விளங்கியது.

ஸ்டாமாதிஸ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். "நான் பாந்தெலிஸ்கிட்ட சாவி வாங்கிட்டு வரேன். இப்பவே தொறந்து பாத்துடலாம்."

"உக்காருங்க."

"எதுக்கு?"

"பாந்தெலிஸ் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா விடியறதுக்குள்ள பால்காரன் வரைக்கும் போயிடும். மார்க்கெல்லா வீட்டுப் பெட்டிய ராத்திரியில தொறந்து தேடினாங்களாம்னு. மொதல்ல டாக்டர்கிட்ட பேசலாம். வேற ஒண்ணு செஞ்சு குடுத்தா முடிஞ்சுது."

எவ்தாலியாவின் குரல் தொலைபேசியில் காற்றோடு காற்றாக வந்தது. புதிதாகச் செய்யலாம், ஆனால் பல்லின் அச்சு கடல் கடந்து பிரேயுஸ் நகரத்துப் பட்டறைக்குக் கப்பலில் போய் வரவேண்டும். கப்பல் எப்போது கிளம்பும் என்று யாருக்குத் தெரியும். "காத்து நின்னு, போய், செஞ்சு வர்றதுக்கு ரெண்டு வாரத்துக்கு மேல ஆகலாம் மார்க்கெல்லா. கம்பி கழட்டி இன்னும் ரெண்டு மாசம்கூட ஆகல. அந்த முன்பல்லு ரெண்டும் திரும்பி இருந்த பல்லு. மொதல்ல அதுதான் பழைய எடத்துக்குப் போகப் பாக்கும். ரெண்டு நாள், மூணு நாள்னா பழைய தகடே இறுக்கிப் பிடிச்சுக் கொண்டு வந்துடும். ரெண்டு வாரம்னா மறுபடி கம்பி போட வேண்டி வந்தாலும் வரும். எப்படியாவது தேடிப் பாருங்க."

பேசி முடித்து மார்க்கெல்லா கையைத் துடைத்தாள். கை ஈரமாகவே இல்லை.

"தேடணும்மா," என்றாள் இசிடோரா.

"இந்த வீட்டுப் பெட்டியில கண்டது கிடந்துச்சுன்னு ஊரு சொல்றதுக்கு நானே கதவத் தொறந்து விடணுமா?"

"அது கண்டது இல்ல. என் தகடு."

"வாயில இருக்கிற வரைக்கும்தான் தகடு. பெட்டியில இருந்தா குப்பை."

"பெட்டி பட்டணத்துக்குப் போகும்ல," என்று தயங்கினான் ஸ்டாமாதிஸ். "அங்க கொட்டி அலசறப்ப கிடைக்கத்தானே போகுது? பெட்டியில உன் பேரு இருக்கு."

"அங்க இருக்கிறவனுக்கு என் மூஞ்சி தெரியாது. இங்க இருக்கிறவங்க முன்னால நான் தினம் நடக்கணும்." சொன்னபின் அவளுக்கே அந்தச் சொல் பிடிக்கவில்லை. "காலையில யோசிக்கலாம். எல்லாரும் படுங்க."

மாலை வழிபாட்டில் வாய்க்குக் காவல் வேண்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். மார்க்கெல்லா திருவுருவத்தின் முன் விளக்கின் திரியைத் தாழ்த்தி, அந்த வேண்டுதலை முணுமுணுக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். வாய்க்குக் காவலாக வாங்கிவந்த தகட்டையல்லவா தொலைத்திருக்கிறாள் பெண். தொலைந்த இடம் தெரிந்தும் எடுக்கப் போகாதவள் தாய்.

காலையில் அவள் ஆட்டுக்கொட்டிலிலிருந்து திரும்பியபோது இசிடோரா வீட்டில் இல்லை, புத்தகப்பையும் இல்லை. பள்ளிப் பேருந்துக்குப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். கறுப்புச் சால்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு, கற்சந்துகளின் வழியே காற்றை எதிர்த்துக் கிட்டங்கிக்கு நடந்தாள். பாந்தெலிசைத் தனியே அழைத்து, எல்லாரும் போன பிறகு ஒருமுறை திறந்து பார்க்கக் கேட்கலாமா என்று ஒரு மனம். கேட்டால் அவன் என்ன நினைப்பான் என்று இன்னொரு மனம். சந்து முனைக்கு வரும்வரை இரண்டில் எதுவும் வெல்லவில்லை.

கிட்டங்கியின் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே பெரிய இரும்படுப்பு எரிய, நிறுவைக்கு வந்தவர்கள் அதைச் சுற்றிக் கை காட்டி நின்றிருந்தார்கள். ஆனால் எல்லாரும் பார்த்தது அடுப்பை அல்ல. தராசுக்குப் பக்கத்தில், முதுகில் புத்தகப்பையோடு இசிடோரா நின்றிருந்தாள்.

"எங்க வீட்டுப் பெட்டியத் தொறக்கணும்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "என் பல் தகடு உள்ள விழுந்துடுச்சு."

பாந்தெலிஸ் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றினான். "உங்கம்மா அனுப்பினாங்களா?"

"இல்ல. நான் வந்தது அம்மாவுக்குத் தெரியாது."

"அப்ப போயி அம்மாவக் கூட்டிட்டு வா. பெட்டி அவங்களுது."

"சுத்தம் பண்ணதுல ஒரு குத்தமும் இல்ல மாமா. அத எல்லாரும் தெரிஞ்சுக்கணும். எங்கம்மா சுரண்டின பிசின்ல ஒரு தூசி இருக்காது. நான்தான் தகட்ட மடியில வச்சேன். நான்தான் மஸ்தகி மெல்ல ஆசப்பட்டேன். நான்தான் கொட்டினேன்." தகடு இல்லாத வாயிலிருந்து ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. "பல்லு நேராகறதுக்கு ரெண்டு வருஷம் நான் இந்த ஊர்ல எதையும் மெல்லாம இருந்தேன். அது வீணாப் போகக்கூடாது. அம்மா பஸ்ஸுல அலைஞ்சதும் வீணாப் போகக்கூடாது."

அடுப்பில் ஒரு கட்டை வெடித்தது. அங்கெரூதான் முதலில் வாசலைப் பார்த்தாள்.

"இந்தா, அம்மாவே வந்தாச்சு. மார்க்கெல்லா, உன் பெட்டிக்குப் பல்லு முளைச்சிருக்காம்டி."

சிரிப்பு எழுந்தது. கெடுதல் இல்லாத சிரிப்பு. ஆனால் அது முழுக்கத் தன்மேல் விழுவதை மார்க்கெல்லா உணர்ந்தாள். எத்தனையோ ஆண்டாக அந்த அறையில் தன்மேல் விழுந்தவை மதிப்பும் சற்றே பொறாமையும் மட்டுமே. அவள் மகளைப் பார்த்தாள். மகள் தலை குனியவில்லை. காதுமடல்கள் சிவந்திருந்தன, பையின் வாரைப் பிடித்த கை இறுகியிருந்தது, ஆனாலும் நின்ற இடத்திலிருந்து ஓரடி நகரவில்லை. தன் பெயரைக் காக்க ஒளிந்துகொள்ள நினைத்தவள் தாய். அந்தப் பெயரை ஊர் நடுவே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவள் மகள். மார்க்கெல்லாவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. பெட்டிக்குள் பாந்தெலிஸ் கை விடாமல் போன நாள்களில்கூட அது இந்த அளவு நிமிர்ந்ததில்லை.

"தொறங்க பாந்தெலிஸ் அண்ணே," என்றாள்.

"மார்க்கெல்லா, உன் பெட்டியில நான் கையே விட்டதில்ல. வேணும்னா மேலாப்புல ஒரு..."

"மேலாப்புல இல்ல. அந்த நீள மேசையில துணிய விரிச்சுக் கவுத்துக் கொட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

மூடி பெயர்ந்தது. துணி விரிந்தது. பெட்டி சாய்ந்ததும் ஓராண்டு உழைப்பு ஒளியோடு பெருகி மேசை முழுதும் பரந்தது. முத்துப்பரலெனக் கிடந்த கண்ணீர்க் குவியலைப் பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். இசிடோரா பையை இறக்கிவிட்டு இரு கையாலும் மெல்ல விலக்கினாள். நிறமற்ற தகடு நிறமற்ற பிசினில் கண்ணுக்கு அகப்படவில்லை. விரலுக்குத்தான் அகப்பட்டது. "இருக்கு," என்று எடுத்தாள். வளைந்த தகட்டின் உட்குழிவுக்குள் பத்துப்பன்னிரண்டு மணிகள் அடைத்துக்கொண்டு, வாயின் ஈரத்தில் ஒட்டி இறுகியிருந்தன.

"பல்லுக்கு மேல பல்லு," என்றாள் அங்கெரூ.

பாந்தெலிஸ் அடுப்பின்மேல் கொதித்துக்கொண்டிருந்த கெண்டியை நோக்கி நடந்தான். "சுடுதண்ணி ஊத்தினா கழண்டுடும்."

"தொடாதீங்க," என்று தாயும் மகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மார்க்கெல்லா தொடர்ந்தாள்: "சூட்டுக்கு ரெண்டும் எதிரி. பிசினும் இளகிப் பிடிச்சுக்கும், தகடும் கோணிக்கும். குடு இங்க."

தகட்டைக் கைக்குட்டையில் வைத்து, வடக்குச் சாளரத்தின் வெளிவிளிம்பில், பெருங்காற்று நேரே அடிக்கும் இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்கள் மரத்தன. கை மாற்றவில்லை. குளிர் உள்வரை இறங்கிப் பிசின் கண்ணாடிபோல் நொறுங்குபதம் அடைந்ததும், உள்ளே எடுத்துக் கத்திப் பிடியால் ஒரே ஒரு தட்டு தட்டினாள். மணிகள் தெறித்து விழுந்தன. குளிர்ந்த நீரிலும் சவர்க்காரத்திலும் இசிடோரா அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், மறுபடி கழுவினாள். பிறகு வாயில் வைத்து இரு கட்டைவிரலாலும் அழுத்தினாள்.

மார்க்கெல்லா மகளின் வாயருகே குனிந்தாள்.

"ஏறுதா?"

பெண் தலையை அசைத்தாள். ஆம் என்றும் இல்லை என்றும் கொள்ளலாம். மறுபடி அழுத்தினாள். சின்னதாய்ச் சொடுக்கென்ற ஓசை.

"ஏறிடுச்சு. இறுக்குது."

"வலிக்குதா?"

"வலிக்குது."

"வலிக்கட்டும். பிடிச்சிருக்குன்னு அர்த்தம்."

அதற்குள் வேறொரு சங்கடம் மேசைமேல் தொடங்கியிருந்தது. அடுப்புச் சூடும் இத்தனை பேரின் மூச்சும் பட்டு, ஓரத்து மணிகள் பளபளக்க ஆரம்பித்திருந்தன. இன்னும் சிறிது நேரம் போனால் ஒட்டிக்கொள்ளும். மார்க்கெல்லா வாய் திறக்குமுன்பே பாந்தெலிஸ் அடுப்பின் கதவைச் சாத்திக் காற்றுத்துளையை அடைத்தான். யாரோ ஒருவர் கிட்டங்கிக் கதவை அகலத் திறந்துவிட்டார். பெருங்காற்று உள்ளே பாய்ந்து சால்வைகளைத் தூக்கியது.

"ஐயோ சாமி, மார்க்கெல்லா பிசின் இளகக்கூடாதுன்னு நாங்க உறையணுமா?" என்று பின்னாலிருந்து ஓர் ஆணின் குரல்.

"குளிருதுன்னா காப்பிக்கடைக்குப் போ," என்று அங்கெரூ அவனை அடக்கினாள். "பொம்பளைங்க தினம் இப்படித்தான் உக்காந்திருக்கோம். ஒரு நாள் நீயும் நில்லு."

அவன் போகவில்லை. யாருமே போகவில்லை. கொட்டிய பிசினை அப்படியே பெட்டியில் வாரிப் போடக்கூடாது. கொட்டியது எதுவானாலும் மறுபடி ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்பது அவ்வூர் முறை. பெண்கள் பைகளிலிருந்து கத்திகளை எடுத்தார்கள். யாரும் அழைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. பலகைகளை இழுத்துப் போட்டு மேசையின் இருபுறமும் அமர்ந்தார்கள். இசிடோரா மேசையின் தலைப்பில், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முடிந்த மணிகள் எல்லாம் அவள் கையைக் கடந்துதான் பெட்டிக்குள் போயின.

"பள்ளிக்கூடம் என்னாச்சு?" என்றான் பாந்தெலிஸ்.

"பஸ் போயிடுச்சு மாமா. முடிச்சிட்டு அப்பா வண்டியில போறேன்." தகட்டோடு பேசியதால் குரல் மறுபடி கிணற்றுக்குள் இறங்கியிருந்தது.

"என்ன சொல்றா?"

"வேலைய முடிச்சிட்டுப் போறாளாம்," என்று எடுத்துச் சொன்னாள் அங்கெரூ. அவள் மற்றெல்லாரையும்விட அக்கறையோடு ஒவ்வொரு மணியையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அங்கெரூ, உன் பெட்டிய இப்படிப் பாத்தா உனக்கும் நல்ல பேரு வரும்ல," என்றாள் ஒருத்தி.

"சும்மா இரு. ஒரு இலைத்துணுக்காவது, ஒரு மண்ணாவது கிடைக்குதான்னு பாக்குறேன். இத்தன வருஷமா கேள்விப்பட்டதுதான், இன்னிக்குத்தான் கையில கிடைச்சிருக்கு." இன்னும் சில மணிகளைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள். "ஒண்ணும் இல்லடி. எழவு, ஒண்ணுமே இல்ல."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு ஓடியது. மார்க்கெல்லா சிரிக்கவில்லை. கண்களைத் துடைத்துக்கொள்ளச் சாளரப்பக்கம் திரும்பி, காற்றின்மேல் பழி போட்டாள். திரும்பியபோது உட்கார இடமில்லை. தன் பிசினைச் சுற்றித் தனக்கே இடமில்லாதபடி ஊர் உட்கார்ந்திருந்தது. இசிடோரா பலகையில் சற்று நகர்ந்து, கையால் பக்கத்தைத் தட்டினாள். தாய் போய் அங்கே, துணைக்கு வந்தவர்கள் அமரும் இடத்தில் அமர்ந்து, கத்தியை எடுத்தாள். வேகமாக முடித்துவிட வேண்டும் என்ற தவிப்பில் இரண்டிரண்டு மணியாக அள்ளிப் பார்த்துத் தள்ளினாள்.

இசிடோரா அவள் கையைப் பார்த்தாள்.

"அம்மா, ரெண்டு ரெண்டா எடுக்காத. ஒண்ணொண்ணாப் பாரு."

மேசையில் கத்திகள் நின்றன. மார்க்கெல்லாவுக்குப் பிசின் பொறுக்கச் சொல்லிக்கொடுத்த வாய் அந்த ஊரில் இதுவரை இல்லை. எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். மார்க்கெல்லா உள்ளங்கையிலிருந்த இரண்டு மணிகளில் ஒன்றைத் திரும்பத் துணியில் வைத்தாள். மற்றதை விரல்நுனியில் எடுத்து, வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, மகளின் கையில் கொடுத்தாள்.

"சரிம்மா," என்றாள்.